ஒன்றரைக் கட்டையா, இரண்டு கட்டையா?

அக்கா மகள் கீபோர்டு படிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வந்தால் இரண்டு வேலை செய்வாள். ஒன்று, ஃப்ரிட்ஜைக் காலி செய்வது. இன்னொன்று, எனக்குப் பதில் தெரியாத கேள்வியாகப் பார்த்துப் பொறுக்கி எடுத்துக்கொண்டு வந்து கேட்பது. போன வாரம் வந்தவள் ஃப்ரிட்ஜ் பக்கமே போகவில்லை. விஷயம் சீரியஸ் என்று புரிந்தது.

"மாமா, உங்க போனுக்கு ரெண்டு ஃபைல் அனுப்பியிருக்கேன். ரெண்டும் ஒரே பாட்டு. பாடறதும் ஒரே ஆள். ஆனா ஒண்ணு கேட்டா தொண்டையை அடைக்குது. இன்னொண்ணு கேட்டா கல்யாண ரிசப்ஷனுக்குக் கிளம்பின மாதிரி இருக்கு. ஏன்?"

கேட்டேன். பழைய 78 சுற்று இசைத்தட்டிலிருந்து யாரோ புண்ணியவான்கள் எடுத்து இணையத்தில் ஏற்றியிருக்கிறார்கள். மழை பெய்கிற மாதிரி ஒரு கரகரப்பு. அதன் நடுவே ஜெர்மன் மொழியில் ஓர் ஆண் குரல். பட்டுத்துணியை மடித்து வைக்கிற மாதிரி ஒவ்வொரு வரியையும் மடித்து வைக்கிறது. ரிச்சர்ட் டவுபர். ஒரு காலத்தில் பெர்லினும் வியன்னாவும் பின்னால் லண்டனும் இந்த ஒற்றைக்கண் கண்ணாடி மனிதருக்காக டிக்கெட் வரிசையில் நின்றிருக்கின்றன.

"கீபோர்டுல வெச்சுப் பார்த்துட்டேன் மாமா. முதல் ஃபைல் ஒன்றரைக் கட்டை. ரெண்டாவது ரெண்டு கட்டை. ரெண்டுமே மேஜர்தான். மேஜர்னா சந்தோஷம், மைனர்னா சோகம்னு எங்க மிஸ் சொன்னாங்க. அப்படிப் பார்த்தா ரெண்டுமே சந்தோஷமாத்தானே இருக்கணும்? இதுல எது சரி, எது தப்பு?"

நியாயமான கேள்வி. ஒரு வாரம் டயம் வாங்கிக்கொண்டேன். அந்த ஒரு வாரத்தின் கதைதான் இது.

* * *

முதலில் பாட்டு எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

ஆப்பரா தெரியும். குண்டான நாயகி சாவதற்கு முன்னால் இருபது நிமிடம் பாடுவார் என்று கிண்டல் செய்வோமே, அது. அதன் குறும்புக்காரத் தங்கைதான் ஆப்பரெட்டா. பாட்டுக்கு நடுவில் வசனம் உண்டு, நடனம் உண்டு, காமெடி டிராக் உண்டு. பாரிஸில் ஆஃபன்பாக் 1850-களில் வளர்த்துவிட்டார். வியன்னாவில் யோஹான் ஸ்ட்ராஸ் 1874-ல் 'டீ ஃப்ளெடர்மவுஸ்' எழுதினார். 1905 டிசம்பர் 30-ம் தேதி ஃப்ரான்ஸ் லெஹாரின் 'மெர்ரி விடோ' வியன்னாவில் மேடையேறி, அங்கிருந்து லண்டன், நியூயார்க் என்று உலகம் சுற்றியது. ஹாலிவுட் மியூசிக்கல் படங்களுக்கெல்லாம் பாட்டி முறை இவள்.

ஆப்பரெட்டாவில் எழுதப்படாத சட்டம் ஒன்று உண்டு. சண்டை வரலாம், பிரிவு வரலாம். ஆனால் மூன்றாவது அங்கத்தில் ஜோடி சேர்ந்தாக வேண்டும். ஷாம்பெயின் திறந்தாக வேண்டும். டிக்கெட் காசு அதற்குத்தான்.

வயதான லெஹார் இந்தச் சட்டத்தை மீறினார். அப்படி மீறியதில் ஒன்றுதான் 'தி லேண்ட் ஆஃப் ஸ்மைல்ஸ்'. தமிழில் 'புன்னகை தேசம்' என்று வைத்துக்கொள்ளலாம் (2002-ல் வந்த நம்ம ஊர் சினிமா இல்லை). 1923-ல் 'மஞ்சள் சட்டை' என்ற பெயரில் வியன்னாவில் போட்ட ஆப்பரெட்டாவைத் தட்டிப் பிரித்து மாற்றிக் கட்டி, 1929 அக்டோபர் 10-ம் தேதி பெர்லின் மெட்ரோபோல் தியேட்டரில் மேடையேற்றினார். நாயகன் வேஷம் டவுபருக்கு.

கதை இதுதான். சூ-சோங் என்ற சீன இளவரசன். லிசா என்ற வியன்னாப் பெண். காதலித்து அவனோடு பீகிங் போகிறாள். அங்கே சம்பிரதாயப்படி அவன் நான்கு மனைவியரைக் கட்டியாக வேண்டும் என்று குடும்பம் நெருக்குகிறது. அவளுக்கு ஊர் ஞாபகம் வந்துவிடுகிறது. கடைசியில் அவன் அவளைப் போக விடுகிறான். அவ்வளவுதான். ஜோடி சேரவில்லை, ஷாம்பெயின் இல்லை. என்ன வலித்தாலும் முகத்தில் புன்னகை மாறக் கூடாது என்பது அந்த இளவரசன் வளர்ந்த முறை. தலைப்பு அதைத்தான் சொல்கிறது.

சீனா என்றால் இப்படித்தான் இருக்கும் என்று வியன்னாவின் காபிக் கடையில் உட்கார்ந்துகொண்டு கற்பனை பண்ணிய சீனா இது. இன்றைக்குப் பார்த்தால் பல இடங்களில் நெளியத் தோன்றும். அதை மறைக்க வேண்டாம். ஆனால் அந்த இரண்டாவது அங்கத்தில் இளவரசன் பாடுகிற ஒரு பாட்டு, இந்த அட்டைச் சீனாவை விட்டு வெளியே வந்து 90 வருஷத்துக்கும் மேலாகத் தனியாக நடமாடிக்கொண்டிருக்கிறது. என் இதயம் முழுக்க உனக்குத்தான் என்று ஒருவன் சொல்கிற பாட்டு. அக்கா மகள் அனுப்பியது அதைத்தான்.

சாதாரணமாக ஆப்பரெட்டாப் பாட்டு என்றால் முதலில் சரணம் மாதிரி ஒரு பகுதி வரும். ஜனங்கள் சீட்டில் சாய்ந்த பிறகு எல்லோரும் காத்திருக்கும் பல்லவி வரும். இந்தப் பாட்டில் அந்த முன்னுரை கிடையாது. எடுத்த எடுப்பில் பல்லவி. கதவைத் தட்டாமல் உள்ளே வந்து விஷயத்தைச் சொல்லிவிடுகிறான். அவசரம். எதையோ இழக்கப்போகிறவனின் அவசரம்.

* * *

இப்போது மிஸ் சொன்ன மேஜர், மைனர்.

மேஜர் ஸ்கேல் என்பது ஸ்வரக் கணக்கில் நம்முடைய சங்கராபரணம். 29-வது மேளகர்த்தா. அதே ஏழு ஸ்வரம். கமகம் இல்லாமல் நேராக நிற்கும், அவ்வளவுதான் வித்தியாசம். சங்கராபரணம் கேட்டால் குதிக்கத்தான் தோன்றும் என்று நம்ம ஊரில் யாராவது சொன்னால் சிரிப்போம். நிதானமாக ஆலாபனை செய்தால் சங்கராபரணம் கோயில் பிராகாரம் மாதிரி அகலமாக, அமைதியாக இருக்கும். அதே ஸ்வரங்களை வேகமாக வாசித்தால் பேண்டு வாத்தியம்.

ஆக, ஸ்கேல் மட்டும் மூடைத் தீர்மானிப்பதில்லை. காலப்பிரமாணம் என்ற ஒன்று இருக்கிறது. எவ்வளவு வேகத்தில், எங்கே நின்று, எங்கே நகர்ந்து சொல்கிறோம் என்பது. "வாங்க, உட்காருங்க" என்பதையே இரண்டு வேகத்தில் சொல்லிப் பாருங்கள். ஒன்றில் காபி வரும், ஒன்றில் வராது.

சரி, ஆனால் இங்கே பாடகர் ஒரே ஆள். இரண்டு வேகம் எப்படி வந்தது?

முதல் சந்தேகம்: டவுபர் இதை இரண்டு தடவை பதிவு பண்ணியிருப்பாரோ? இந்தப் பாட்டை அவர் ஆங்கிலத்திலும் பாடிப் பதிந்தவர், விதவிதமாகப் பாடியவர். மேடையில் ஜனங்கள் ஒன்ஸ்மோர் கேட்டால் ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி பாடுவார் என்று பெயர். ஆனால் இந்த இரண்டு ஃபைலிலும் மூச்சு வாங்குகிற இடம் ஒன்று, இழுக்கிற இடம் ஒன்று. ஒரே பதிவுதான். இரண்டாவது ஃபைல் மட்டும் சுமார் மூன்றரை நிமிடப் பாட்டில் 12 விநாடி சீக்கிரமாக முடிந்துவிடுகிறது.

திருடன் யார் என்று தெரிந்துவிட்டது. தட்டு சுற்றின வேகம்!

* * *

இன்றைக்கு யூடியூபில் ஒன்றேகால் வேகத்தில் வைத்தால் பேச்சு வேகமாகும், குரல் மெல்லிசாகாது. வேகத்தையும் சுருதியையும் தனித்தனியாகப் பிரிக்கிற கணக்கு கம்ப்யூட்டருக்குத் தெரியும். கிராமபோனுக்கு அந்தக் கணக்கு தெரியாது. தட்டு வேகமாகச் சுற்றினால் பாட்டு வேகமாகும், சுருதியும் கூடவே ஏறும். மெதுவாகச் சுற்றினால் இரண்டும் சேர்ந்து இறங்கும். கணவன் மனைவி மாதிரி. ஒருத்தரை மட்டும் விருந்துக்குக் கூப்பிட முடியாது.

கணக்கு எளிது. அரைக் கட்டை ஏற வேண்டுமென்றால் வேகம் சுமார் 6 சதவிகிதம் கூட வேண்டும். நிமிடத்துக்கு 78 தடவை சுற்ற வேண்டிய தட்டு 82.6 தடவை சுற்றினால் ஒன்றரைக் கட்டை இரண்டு கட்டையாகிவிடும். 80 தடவை சுற்றினாலே கிட்டத்தட்ட கால் கட்டை ஏறும்.

இது நடக்கக்கூடியதா என்றால், தாராளமாக. 78 என்று பெயர்தானே ஒழிய, ஆரம்ப காலத்தில் தட்டுகள் 70 சுற்றிலிருந்து 90 சுற்று வரை கம்பெனிக்கு ஒரு வேகத்தில் பதியப்பட்டன. கிராமபோன் பெட்டியிலேயே வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு குமிழ் இருக்கும். பின்னால் மின்சார மோட்டார் வந்து வேகம் ஒரு வழிக்கு வந்தபோதுகூட, அமெரிக்க மின்சாரத்தில் 78.26, ஐரோப்பிய மின்சாரத்தில் 77.92 என்று கணக்கு உதைத்தது. இது போதாதென்று ஆதார சுருதியிலேயே தகராறு. ஆர்க்கெஸ்ட்ரா சுருதி சேர்க்கிற 'ஏ' ஸ்வரத்துக்கு விநாடிக்கு 440 அதிர்வு என்று 1939-ல்தான் லண்டனில் கூடி முடிவு செய்தார்கள். அதற்கு முன்னால் ஐரோப்பாவில் அதிகாரபூர்வமாக இருந்தது 435. ஊருக்கு ஊர் அதுவும் மாறும்.

அதனால் பழைய தட்டை கம்ப்யூட்டருக்கு மாற்றுகிறவருக்கு வேகத்தைத் தீர்மானிப்பது பெரிய பொறுப்பு. மியூசிக் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்து எந்த சுருதி என்று தெரிந்துகொண்டு, தட்டு அந்த சுருதியில் ஒலிக்கும்வரை வேகத்தைத் திருத்த வேண்டும். நம் இரண்டாவது புண்ணியவான் அதைச் செய்யவில்லை போலிருக்கிறது. அல்லது வேகமாக இருந்தால்தான் ஜனங்களுக்குப் பிடிக்கும் என்று நினைத்தாரோ என்னவோ.

லெஹார் எழுதிய சுருதி டி ஃப்ளாட் மேஜர். அதாவது ஒன்றரைக் கட்டை. முதல் ஃபைல்தான் சரி.

கேஸ் முடிந்தது என்று எழுந்து போயிருப்பேன். ஆனால் ஒரு வக்கீல் குறுக்கே வந்து கேட்பார்: "பாடகர்கள் தங்கள் குரலுக்குத் தோதாக சுருதியை மாற்றிக்கொள்வது உண்டே? டவுபர் இரண்டு கட்டையிலேயே பாடியிருக்கலாம் இல்லையா?"

இருக்கலாம். அதற்கு இரண்டு சாட்சிகள் இருக்கின்றன.

முதல் சாட்சி, வயலின். நம் கச்சேரியில் வயலின்காரர் பாடகரின் கட்டைக்குத் தக்கபடி தந்தியை முறுக்கிக்கொள்வார். பாடகர் ஒன்றரைக் கட்டையா, வயலினும் ஒன்றரைக் கட்டை. அங்கே அப்படியில்லை. யார் பாடினாலும் வயலினின் நான்கு தந்திகளும் ஜி, டி, ஏ, ஈ என்று நிரந்தரமாக நிற்கும். இரண்டு கட்டையில், அதாவது டி மேஜரில், இந்த நான்கு ஸ்வரங்களும் ஸ்கேலுக்குள்ளேயே இருக்கின்றன. விரல் வைக்காத தந்திகூடக் கூடச் சேர்ந்து அதிரும். சத்தம் ஜன்னலைத் திறந்துவைத்த மாதிரி வரும். ஒன்றரைக் கட்டையில், டி ஃப்ளாட் மேஜரில், அந்த நான்கில் ஒன்றுகூட ஸ்கேலில் கிடையாது. ஒன்றுகூட! ஒவ்வொரு ஸ்வரத்தையும் விரலால் அழுத்தித்தான் பிடிக்க வேண்டும். சத்தம் திரை போட்ட அறையிலிருந்து வருகிற மாதிரி சற்று மூடி வரும்.

இரண்டாவது ஃபைலைக் கவனித்துக் கேட்டால் இந்த முரண்பாடு காதில் விழுகிறது. சுருதி இரண்டு கட்டை என்கிறது. வயலின்கள் திரை போட்ட அறையில் இருக்கின்றன. வேகத்தைக் கூட்டிச் சுருதியை ஏற்றிவிடலாம். திரையை விலக்க முடியாது. கரகரப்புக்கு நடுவே இதைச் சத்தியம் பண்ணிச் சொல்ல மாட்டேன். ஆனால் ஹெட்போனில் மூன்று தடவை கேட்ட பிறகு என் காது அந்தப் பக்கம்தான் சாய்கிறது.

இரண்டாவது சாட்சி, மனிதக் குரல். நல்ல பயிற்சியுள்ள மேற்கத்தியப் பாடகரின் குரல் ஒரு ஸ்வரத்தை நீட்டும்போது விநாடிக்கு ஐந்து முதல் ஏழு தடவை லேசாக ஆடும். தட்டை வேகமாக்கினால் அந்த ஆட்டமும் வேகமாகிவிடும். கூடவே தொண்டையே சிறிதாகிவிட்ட மாதிரி இருக்கும். 1891-ல் பிறந்த டவுபருக்கு இந்த நாடகம் வந்தபோது 38 வயது. இரண்டாவது ஃபைலில் பாடுகிறவருக்கு 25 வயசுதான் சொல்லலாம். சட்டை இஸ்திரி கலையாத பையன். அவனுக்கு இன்னும் எதுவும் கைவிட்டுப் போகவில்லை.

* * *

விஷயம் இங்கேதான் இருக்கிறது. அரைக் கட்டை, 12 விநாடி. இதில் என்ன போச்சு என்று கேட்கலாம்.

டவுபரின் வித்தை எல்லாம் தாமதத்தில் இருக்கிறது. ஆர்க்கெஸ்ட்ரா ஒரு காலப்பிரமாணத்தில் போய்க்கொண்டிருக்கும். அவர் ஒரு வார்த்தையில் கொஞ்சம் தங்குவார். இனிமேல் கிளம்பினால்தான் பஸ் கிடைக்கும் என்ற கட்டம் வரை தங்கிவிட்டு, அடுத்த இரண்டு வார்த்தையில் ஓடி வந்து ஏறிக்கொள்வார். ருபாட்டோ என்பார்கள். இத்தாலிய மொழியில் 'திருடியது' என்று அர்த்தம். ஒரு இடத்தில் திருடின நேரத்தை இன்னொரு இடத்தில் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

இதில் தங்குகிற நேரம் என்பது விநாடியில் சிறு பங்கு. அவ்வளவு சின்ன இடத்தில்தான் இந்த மனிதன் தயங்குகிறானா, கெஞ்சுகிறானா, சொல்லிவிட்டு முகத்தைப் பார்க்கிறானா என்பதெல்லாம் இருக்கிறது. அதில் ஆறு சதவிகிதத்தைச் சுரண்டினால் தயக்கம் போய்விடும். தயக்கம் போனால் அதே வார்த்தைகள் ஓர் அறிவிப்பாகிவிடும். சந்தோஷமான அறிவிப்பு. கல்யாண ரிசப்ஷன் என்று அக்கா மகள் சொன்னது இதைத்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தக் காலத்துப் பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று, மூன்றரை நிமிடம்தான் பிடிக்கும். ஆற அமரப் பாட முடியாது. பள்ளம் தீர்ந்துவிடும், ஊசி நடுவில் போய் நின்றுவிடும். மேடையில் எடுத்துக்கொள்கிற சுதந்திரத்தை ஸ்டூடியோவில் எடுத்துக்கொள்ள முடியாது. அத்தனை நெருக்கடிக்குள் டவுபர் தன் தாமதங்களுக்கு இடம் கண்டுபிடித்திருக்கிறார். அவர் கஷ்டப்பட்டுச் சேமித்த விநாடிகளை நாம் அலட்சியமாகச் செலவழித்துவிடுகிறோம்.

அவருடைய இன்னொரு ஆயுதம் அரைக்குரல். முழுத் தொண்டையில் முழங்குகிறவர் திடீரென்று குரலைக் காதோரத்துக்கு இறக்கிவிடுவார். இது தட்டில் கேட்பதே ஒரு அதிர்ஷ்டம். 1925-க்கு முன்னால் பாடகர் ஒரு பெரிய புனலுக்குள் தலையை விட்டுக் கத்த வேண்டும். ரகசியம் பேசினால் ஊசி கண்டுகொள்ளாது. 1925-ல் மைக் வந்தது. நான்கு வருஷத்தில் இந்த நாடகம் வந்தது. மைக் இல்லையென்றால் இந்தப் பாட்டின் முழக்கம் நமக்குக் கிடைத்திருக்கும், ரகசியம் கிடைத்திருக்காது. அந்த ரகசியக் குரல்தான் வேகம் கூட்டினால் முதலில் அடிபடுகிறது. மெல்லிய குரல் இன்னும் மெல்லிசாகி, கொஞ்சல் மாதிரி ஆகிவிடுகிறது.

* * *

பின்னால் வந்தவர்கள் இந்தப் பாட்டை எப்படிப் பாடினார்கள்?

1990 ஜூலை 7. ரோம் நகரத்தில் உலகக் கோப்பை கால்பந்து ஃபைனலுக்கு முந்தின நாள். பழைய கரக்கல்லா குளியல் மண்டப இடிபாடுகளுக்கு நடுவே மூன்று டெனர்கள் முதன்முதலாகச் சேர்ந்து பாடினார்கள். நடத்தியது நம் பம்பாய்க்காரர் ஜுபின் மேத்தா. அன்றைக்கு இந்தப் பாட்டைப் பாடியவர் பிளாசிடோ டொமிங்கோ. அற்புதமான குரல். திறந்தவெளிக்கும் ஆயிரக்கணக்கான ஜனங்களுக்கும் அளவெடுத்துத் தைத்த மாதிரி பாடினார். ஆனால் அந்தச் சூ-சோங் எதையும் இழக்கப்போவதில்லை. மறுநாள் கோப்பையும் அவனுக்குத்தான் என்று தோன்றும்.

2014-ல் யோனாஸ் காஃப்மன் அந்தக் காலத்து பெர்லின், வியன்னாப் பாட்டுகளாகவே ஒரு ஆல்பம் போட்டார். அதில் இதுவும் உண்டு. அவர் அரைக்குரலைத் திரும்பக் கொண்டுவந்தார். ஒலிப்பதிவு சுத்தமாக இருக்கிறது, கரகரப்பு இல்லை. ரொம்ப யோசித்துப் பாடியிருக்கிறார். சில இடங்களில் யோசித்தது தெரிகிறது. டவுபரிடம் அது தெரியாது. அவருக்கு அந்த இடத்தில் அப்போதுதான் தொண்டை அடைத்த மாதிரி இருக்கும்.

இரண்டு பேரையும் குறை சொல்லவில்லை. எனக்கு எது வேண்டும் என்று கேட்டால் கரகரப்போடு இருக்கிற அந்த முதல் ஃபைல்தான் வேண்டும்.

* * *

இதன் பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். சொல்லாமல் விட்டால் தப்பு.

பாட்டின் வரிகளை எழுதியவர்கள் இரண்டு பேர். லுட்விக் ஹெர்ட்ஸர், ஃப்ரிட்ஸ் லோனர்-பேடா. இருவரும் யூதர்கள். டவுபரின் அப்பா வழியிலும் யூத ரத்தம் உண்டு. 1933-ல் பெர்லின் தெருவில் நாஜி அடியாட்கள் டவுபரை அடித்தார்கள். அவர் ஜெர்மனியை விட்டுப் போனார். 1938-ல் ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்கியதும் அந்த ஊரும் போயிற்று. லண்டனுக்குப் போய் அந்நாட்டுக் குடிமகனாகி, இதே பாட்டை ஆங்கிலத்தில் பாடினார்.

லோனர்-பேடாவுக்குக் கிளம்ப நேரம் கிடைக்கவில்லை. 1938 மார்ச்சில் பிடித்துக்கொண்டு போனார்கள். டாஹவ், புஹன்வால்ட், கடைசியில் ஆஷ்விட்ஸ். 1942 டிசம்பரில் அங்கே செத்துப்போனார். லெஹார் ஆஸ்திரியாவிலேயே இருந்தார். அவருடைய மனைவியும் யூதர்தான். விதிவிலக்கு கொடுத்து விட்டுவைத்தார்கள். ஹிட்லருக்கு 'மெர்ரி விடோ' என்றால் உயிர். இசை ஒலித்துக்கொண்டே இருந்தது. வரிகளை எழுதியவன் முகாமில் கல் சுமந்துகொண்டிருந்தான்.

டவுபர் 1948 ஜனவரியில் லண்டனில் இறந்தார். அதே வருஷம் அக்டோபரில் லெஹார்.

இதையெல்லாம் தெரிந்துகொண்டு அந்தத் தட்டைக் கேட்டால் சோகமாக இருக்காதா என்ன? இருக்கும். ஆனால் இதில் ஒரு ஏமாற்று இருக்கிறது. பெர்லினில் மைக் முன்னால் நின்று பாடின டவுபருக்கு 1938 தெரியாது. பின்னால் நடந்ததைக் கொண்டுபோய் முன்னால் பதிந்த குரலில் ஊற்றிவிட்டு, 'பார், எவ்வளவு சோகம்' என்று சொல்வது விமர்சனம் ஆகாது. அக்கா மகளுக்கு இந்தச் சரித்திரம் எதுவும் தெரியாது. அவளுக்கு ஜெர்மன் மொழியும் தெரியாது. அவளுக்குத் தொண்டை அடைத்தது எதனால்? அந்த வேகத்தாலும் அந்த சுருதியாலும்தான். சோகம் சரித்திரத்திலிருந்து வரவில்லை. தட்டின் பள்ளத்திலேயே இருக்கிறது, சரியான வேகத்தில் சுற்றினால்.

இன்னொரு ஆளையும் சாட்சிக்குக் கூப்பிடலாம். பதினெட்டாம் நூற்றாண்டில் ஷூபார்ட் என்று ஒரு ஜெர்மன்காரர் இருந்தார் (ஷூபர்ட் இல்லை, அவர் வேறு). சமஸ்தானத்து ராஜாவைக் கிண்டல் செய்ததில் பத்து வருஷம் கோட்டைச் சிறையில் கிடந்தார். அங்கே இருந்தபடி ஒவ்வொரு சுருதிக்கும் என்ன குணம் என்று ஜாதகம் கணித்தார். டி ஃப்ளாட் மேஜரைப் பற்றி அவர் கணிப்பு: வாய்விட்டுச் சிரிக்க வராது, புன்னகைக்க மட்டும் வரும் என்கிற மாதிரி ஒரு குணம். லெஹார் பிறப்பதற்குச் சுமார் 85 வருஷம் முன்னால் சொன்னது! அவர் காலத்து ஸ்வர அளவுகள் வேறு; அதனால் இதைச் சட்டமாக எடுத்துக்கொள்ள முடியாது. ஜாதகத்தை நம்பாதவர்களும் பொருத்தம் பத்துக்குப் பத்து என்றால் ஒரு கணம் சந்தோஷப்படுவதில்லையா, அந்த மாதிரி.

மேஜர் ஸ்கேல் இங்கே அந்த இளவரசனின் புன்னகை. அவன் வேகமும் அரைக்குரலும்தான் அந்தப் புன்னகைக்குப் பின்னால் இருப்பதைக் காட்டிக்கொடுக்கின்றன. இரண்டாவது ஃபைலில் புன்னகை மட்டும் இருக்கிறது. பின்னால் ஒன்றுமில்லை.

* * *

இந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா மகள் வந்தாள். கதையைச் சொன்னேன். நம்பவில்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகள் மாமா சொன்னார் என்பதற்காக எதையும் நம்ப மாட்டார்கள். நல்லதுதான்.

லேப்டாப்பைத் திறந்து ஆடாசிட்டி என்ற இலவச சாஃப்ட்வேரில் இரண்டாவது ஃபைலைப் போட்டாள். வேகமும் சுருதியும் சேர்ந்து இறங்குகிற மாதிரி 5.6 சதவிகிதம் குறைத்தாள். முதல் ஃபைலுக்குக் கீழே கொண்டுவந்து வைத்து இரண்டையும் ஒன்றாக ஓடவிட்டாள். ஒரே ஆள், ஒரே மூச்சு. ரிசப்ஷனுக்குக் கிளம்பின பையன் காணாமல் போயிருந்தான்.

"அப்ப எங்க மிஸ் சொன்னது தப்பா மாமா?"

"தப்பில்லைம்மா. பாதி. மேஜர்னா சந்தோஷம்னு அவங்க சொன்னா, எவ்வளவு வேகத்துலன்னு நீ கேட்டுக்கோ."

"இதை நான் வாசிக்கப் போறேன். ஆனா டி ஃப்ளாட்ல அஞ்சு கறுப்புக் கட்டை வருது. ட்ரான்ஸ்போஸ் பட்டன் இருக்கு, சி-ல வாசிச்சிட்டு அமுக்கிடட்டுமா?"

உன் இஷ்டம் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அந்தப் பட்டனைத் தொடாமலே ஆரம்பித்தாள். கறுப்புக் கட்டைகளில் விரல் தடுக்கித் தடுக்கி, ஒவ்வொரு ஸ்வரமாகத் தேடிப் பிடித்து, ரொம்ப மெதுவாகத்தான் வந்தது. நான் எதுவும் திருத்தவில்லை. சமையலறையில் குக்கர் விசில் வரும்வரை உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.